வளைவுக்குள் அடங்காத வகுப்பு

பலாங்கொடையில் புடவைக்கடை வைத்திருக்கும் கபூரின் மகள் இன்ஷிரா, கணக்கு ஆசிரியை. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கே இடமாற்றம் கிடைத்தும், "இங்க கணக்குப் படிப்பிக்க ஆள் இரிக்கி வாப்பா, மேல ஒருத்தரும் இல்ல" என்று சொல்லித் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்குப் பஸ் ஏறிப் போனவள்.

அவள் பொறுப்பேற்றபோது பத்தாம் வகுப்பில் பாதிப் பேருக்குப் பின்னமே பிடிபடவில்லை. சனிக்கிழமையும் வரச் சொன்னாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார், போகிற வழியில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த ஆண்டு கல்வி வலயம் முழுவதற்கும் ஒரே தாளில் கணக்குத் தவணைப் பரீட்சை நடந்தது. அந்த வகுப்பின் புள்ளிகள் எழுபதுக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

சந்தேகப்பட்டு விசாரிக்க வந்தவர் கேதீசன், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கல்வி அதிகாரி. அதிபரின் அறையில் மடிக்கணினியைத் திறந்து வரைபடம் ஒன்றைக் காட்டினார். வலயத்துப் பிள்ளைகள் எல்லோருடைய புள்ளிகளும் சேர்ந்த செவ்வன் பரம்பல்: நடுவில் மேடு, இரு பக்கமும் சரிவு. உச்சி நாற்பதில் இருந்தது. இன்ஷிராவின் வகுப்பு வலது ஓரத்தில்.

"பாருங்கோ டீச்சர், இயற்கையா இப்பிடி வராது. ஒண்டில் தாள் வெளியில போயிருக்கோணும், இல்லாட்டி நீங்கள் இளக்கமாத் திருத்தியிருக்கோணும். புள்ளியளைக் குறைச்சு இந்த வடிவத்துக்குள்ள கொண்டு வாங்கோ. விசாரணை இல்லாமல் முடிச்சிடலாம்."

ஒத்துக்கொள்ளச் சொல்லி அதிபர் கண்ணாலேயே கெஞ்சினார்.

"ஏலாது சேர்" என்றாள் இன்ஷிரா. "ஆயிரம் சின்னக் காரணம் ஒவ்வொரு பிள்ளையையும் ஒவ்வொரு பக்கம் இழுத்தா அந்த மேடு வரும். நாங்க ஒரு வருஷமா எல்லாரையும் ஒரே பக்கம் இழுத்தோம். படிப்பிச்சா மேடு நகரத்தானே வேணும்?"

"அது உங்கட நம்பிக்கை."

"அப்ப டவுன் பெரிய ஸ்கூல்ட புள்ளிய மட்டும் தனியாப் போட்டுக் காட்டுங்க."

கேதீசன் தயங்கித்தான் விசைகளைத் தட்டினார். அந்தப் பள்ளியும் அதே வலது ஓரத்தில் நின்றது.

"அங்க போய் விசாரிச்சீங்களா சேர்?"

கேதீசன் மடிக்கணினியை மூடினார். இந்த வகுப்புக்கு மறுபரீட்சை வைப்போம் என்று எழுந்தார்.

பேச்சு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு எட்டியது. பரீட்சைத் தேதி சொல்ல அவர் மறுபடி வந்த காலையில், தாய்மார் கொழுந்துச் சாக்கோடு வாசலில் நின்றார்கள். தாமதித்தால் அன்றைக்கு அரைநாள் கூலிதான் என்று தெரிந்தும் ஒருத்தியும் மலைக்கு நகரவில்லை.

"எங்க புள்ளைங்க எழுதுவாங்க ஐயா, பயமில்ல" என்றாள் பவளம். அவள் மகள் ஜெயவாணி அந்த வகுப்பில் படித்தாள். "ஆனா டவுன் புள்ளைங்களும் அதே நாள்ல அதே தாள எழுதணும். எங்கள மட்டும் கள்ளன பாக்குற மாதிரி பாக்காதீங்க."

டவுன் அதிபர் தன் பிள்ளைகளை மறுபடி எழுத விட மாட்டேன் என்றார். மறுபரீட்சை நின்றது, தோட்டத்துப் புள்ளிகளும் வெளிவராமல் நின்றன. இன்ஷிரா லீவு போட்டு இரத்தினபுரிக் கல்விக் காரியாலயத்துக்குப் போனாள். "ஹெட்ட எண்ட மிஸ்" என்று லிகிதர் சிங்களத்தில் நாளைக்கு வரச் சொன்னால், நாளைக்கும் போய் அதே வாங்கில் உட்கார்ந்தாள். கடைசியில் புள்ளிகளை வெளியிடக் கேதீசனே கையெழுத்துப் போட்டார். ஒரு புள்ளியும் குறையவில்லை.

"அந்தப் பள்ளியையும் நான் முதலே பார்த்திருக்கோணும்" என்றார்.

"பார்த்திருக்கோணும் சேர்" என்றாள் அவள். சரி பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பிறகு வந்த சாதாரண தரப் பொதுப் பரீட்சையில் சிலர் தவறினார்கள். அது அவளை வெகுநாள் அரித்தது. ஜெயவாணி தேறி, உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவுக்குப் போனாள். புது வகுப்பில் ஒருத்தி, "நீங்க தோட்டமா?" என்று மெல்லக் கேட்டாளாம். "ஆமா, தோட்டந்தான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.