எலிக் கொடுமைக்கு எதிராக ஒரு கையெழுத்து

என் மகளுக்கு எலி என்றால் உயிர்ப் பயம். சமையலறையில் வால் தெரிந்தாலே நாற்காலி மேல் ஏறிவிடுவாள். அப்படிப்பட்டவள், பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் எலிகளை வைத்துச் சோதனை செய்வதை நிறுத்தச் சொல்லும் மாணவர் குழுவில் முன்வரிசையில் போய் நின்றாள். “நமக்குப் புடிக்கலன்னா சித்ரவதை பண்ணலாமா?” என்று என்னிடமே எகிறினாள். கிள்ளானில் தமிழாசிரியையாக இருந்து எத்தனையோ வாயாடிப் பிள்ளைகளை அடக்கியவள் நான். பெற்றதிடம் என் பருப்பு வேகவில்லை.

திங்கட்கிழமை பல்கலைக்கழக அதிகாரியைப் பார்க்கப் போகிறார்கள். அதற்குள் பொதுமக்களிடம் கையெழுத்து வாங்கவேண்டும். எலிக்காகத் தமிழர்கள் யார் வந்து நிற்பார்கள் என்று குழுவில் ஒருவன் சிரித்திருக்கிறான். “பிரிக்ஃபீல்ட்ஸ்ல என் ஆளுங்க போடுவாங்க, பாரு” என்று இவள் சவால் விட்டுவிட்டாள். அது பொய்த்துப்போனால் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது என்று இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை அவளுக்கு. பதாகைக்குத் தமிழ் வாசகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

‘ஆய்வுக்கூட எலிகளுக்கு இழைக்கப்படும் கொடுமையை ஒழிப்போம்’ என்று பிசகில்லாமல்தான் எழுதினேன். துணியில் இடம் போதாது, குறைத்துத் தாருங்கள் டீச்சர் என்றார் அச்சுக் கடைக்காரர். குறைத்தேன். ‘எலிக் கொடுமையை ஒழிப்போம்! பல்கலைக்கழக மாணவர்கள்.’ கச்சிதமாக இருந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையில் மேசை போட்டு, பதாகையைக் கட்டியதுதான் தாமதம், கூட்டம் மொய்த்துவிட்டது. முதலில் வந்தவர் பூக்கடை அக்கா.

“எலிங்க படுற பாட்டைக் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க அக்கா,” என்று மகள் ஆரம்பித்தாள்.

“படுத்துற பாடுன்னு சொல்லு! பூக்கூடைக்குள்ள குட்டி போட்டு வச்சிருக்கு. எங்க சைன் பண்ணணும்?”

துண்டறிக்கையிலிருந்த வெள்ளெலிப் படத்தைப் பார்த்த டாக்சிக்கார அங்கிள், “இப்ப வெள்ளையா வேற வருதா?” என்று பதறிப்போய்க் கையெழுத்துப் போட்டார். தாள்கள் நிரம்பின. மகளின் முகம் பூரித்துக் கிடந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமியார் கொடுமை என்றால் மாமியார் செய்வது. அப்படியானால் எலிக் கொடுமை? இடம் போதாதென்று நான் வெட்டி எறிந்த வேற்றுமை உருபு என்னைப் பழிவாங்கிக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாம் என்றால், அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன வாழையிலைச் சாப்பாட்டுக் கடை முதலாளி திரும்பி வந்தார். எலிப் புழுக்கையைப் பார்த்துச் சுகாதார அதிகாரிகள் மூடிவைத்த கடை அவருடையது. கையில் கம்பிக் கூண்டு. உள்ளே பெருச்சாளிக்குத் தம்பி மாதிரி ஒன்று, உயிரோடு.

“இந்தா பாப்பா, மொத போணி. பக்கெட்டுல முக்கிடவா, இல்ல நீங்களே மருந்து வச்சிருக்கீங்களா?”

மகள் வெளிறிப்போனாள். நாற்காலி மேல் ஏறப்போகிறாள் என்று நினைத்தேன். பாய்ந்து கூண்டைப் பிடுங்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடினாள்.

“முக்காதீங்க அங்கிள்! எலியைக் காப்பாத்தத்தான் நாங்க வந்திருக்கோம்!”

“காப்பாத்தவா? பைத்தியமா லா இதுங்க?” “என் பேரை அடி மொதல்ல!” வரிசையில் நின்று போட்டவர்கள் வரிசையில் நின்று அடித்தார்கள். பூக்கடை அக்கா அடித்த அடியில் தாள் கிழிந்தது. பிழை என்னுடையது என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? குழுவிலிருந்த சீன மாணவிக்குத் தமிழ் தெரியாது. இன்னும் ஆதரவு பெருகுகிறது என்று நினைத்து, “தெரிமா காசே, தெரிமா காசே” என்று மலாயில் நன்றி சொல்லி எல்லோருக்கும் பேனா நீட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக முதலாளி பேனாவை வாங்கினார். தன் பெயரைத் தேடியவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். நீட்டிய கைகளில் கூண்டு கிடுகிடுவென்று ஆடியது.

“பயமா இருக்கா?”

“ரொம்ப அங்கிள்.”

“அப்ப கீழ வை லா.”

“வச்சா முக்கிடுவீங்க.”

அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

“கூண்டு எனக்கு வேணும். காலியாக் கொண்டாந்து குடு. என் கடைப் பக்கம் விட்டே, அப்பறம் பாரு.”

காப்பார் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் விடும்வரை கூண்டு அவள் மடியில்தான் இருந்தது. கண்ணை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டே நான் அழுதேன், கொஞ்சம் சிரிக்கவும் செய்தேன்.

பெயர்களை அடித்திருந்த அந்தத் தாள்களைக் கிழித்துப்போடச் சொன்னேன். கேட்கவில்லை. திங்கட்கிழமை அவற்றையே கொண்டுபோனாள். அதிகாரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இத்தனை பேர் ஏன் அடித்திருக்கிறார்கள் என்று கேட்டாராம்.

“அவங்களுக்கு எலியைப் புடிக்காது சார்.”

“அடிக்காத இவர்?”

“அவருக்குச் சுத்தமாப் புடிக்காது.”