கார்க்கு கேட்ட வேதசிரோமணி

கிழக்குத் தாம்பரத்தில் வேதசிரோமணி வாத்தியார் வருகிறார் என்றால் பீடியைக்கூட முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். கிறிஸ்தவக் கோயிலில் மதுவிலக்குச் சங்கத்துக்குப் பல வருஷமாக அவர்தான் செயலாளர். சும்மா பேருக்குச் செயலாளரா? மாதா மாதம் கூட்டம் போட்டு, மேஜையைத் தட்டித் தட்டி, குடிக்கிறவனை நரகம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் உட்காருவார். சட்டப்படியும் மதுவிலக்கு இருந்த காலம் அது. ஆனால் போலீஸைவிட இந்த மனிதருக்குத்தான் சனங்கள் அதிகம் பயந்தார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கு அறுபத்தேழாம் வருஷம் ஜூன் மாதம் ஒரு சோதனை வந்தது. மோட்டார் சைக்கிள் ரூபத்தில் வந்தது.

பட்டாளத்தில் கழித்து ஏலம் விட்ட பழைய ஒற்றை சிலிண்டர் வண்டி. அதை அவர் ஜம்பத்துக்கு வாங்கவில்லை, மனைவி யூனிஸுக்காக வாங்கினார். யூனிஸுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் மெலிந்துபோயிருந்தது. வண்டலூரிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை. பஸ்ஸை விட்டு இறங்கி அந்தக் காலோடு நடந்து சேர்வதற்குள் மணி அடித்துவிடும். பள்ளிக்கூட நிர்வாகி லீவுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்: "திறந்த அன்னைக்கே லேட்னா வேற டீச்சரைப் பாத்துக்கறோம்மா." யூனிஸ் வீட்டுக்கு வந்து அழவில்லை, பேசாமல் உட்கார்ந்து மாவு ஆட்டினாள். அழுதிருந்தால்கூட வாத்தியார் தாங்கியிருப்பார். லீவு முடிவதற்குள் வண்டி வாங்கிவிட்டார்.

திங்கட்கிழமை பள்ளி திறப்பு. வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்க்கலாம் என்று இருவரும் கிளம்பினார்கள். வண்டலூர் மேட்டில் ஏறும்போது இன்ஜின் காது கிழியக் கத்துகிறது, வண்டி மட்டும் நத்தையாக ஊர்கிறது. போதாக்குறைக்குப் பெட்ரோல் குழாய் வேறு சொட்டுச் சொட்டாக ஒழுகி அவர் பேண்ட்டை நனைத்தது. பாதி மேட்டிலேயே திருப்பிக்கொண்டு, பல்லாவரத்தில் மெக்கானிக் காஜாவின் பட்டறைக்கு உருட்டாத குறையாகக் கொண்டுபோனார்.

காஜா கிளட்சைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "யாரு சார் கேபிளை இப்டி இழுத்துக் கட்னது? கொஞ்சமாச்சும் லூசு வுடணும் சார். இறுக்கி வெச்சா பிளேட்டு சரியா புடிக்காது. வழுக்கி வழுக்கியே கருகிப்போய்க் கீது."

கட்டியது வாத்தியார்தான்.

"புதுசு போட்டுடு."

"மவுண்ட் ரோட்ல கேட்டா சிரிப்பான். இந்த பிளேட்டு இப்ப எங்கயும் கெடைக்காது. இதோ ஓட்டை ஓட்டையா கீது பாருங்க, இதுல கார்க்கு அடைச்சி தேச்சி உடணும். பெட்ரோல் கொழாய்லயும் கார்க்குதான், காஞ்சி சுருங்கிப்பூட்ச்சி. அத்த வெந்நீர்ல போட்டா ஊறி உப்பிக்கும். பிளேட்டுக்குத்தான் புச்சா வேணும். மருந்து பாட்டில் கார்க்கு பத்தாது சார், தடியா இருக்கணும்."

"எந்த பாட்டில்?"

காஜா தாடியைச் சொறிந்தான். "பிராந்தி பாட்டில். என் வூட்ல கெடைக்குமா, உங்க வூட்ல கெடைக்குமா?"

சனிக்கிழமை காலையிலேயே வாத்தியார் வீடு வீடாகப் போனார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் தேவானந்தத்திடம், "உங்ககிட்ட பிராந்தி கார்க்கு இருக்குமா?" என்று கேட்டதுதான் தாமதம், மனிதருக்கு வேர்த்துவிட்டது. "ஐயையோ, எங்க வீட்டுல எப்படி சார் அதெல்லாம்!" சங்கத்துப் பொருளாளர் ஜீவரத்தினம், "என்ன சார், என்னையே சோதிக்கிறீங்களா?" என்று முகம் சுண்டினார்.

"இல்லப்பா, வண்டி கிளட்சுக்கு."

"ஆமா சார், கிளட்சுக்கு" என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினார்.

மத்தியானத்துக்குள் செயலாளர் சோதனைக்குக் கிளம்பிவிட்டார் என்று ஊரே பேசியது. இன்னும் கேட்டிருந்தால் இருக்கிற பாட்டிலையும் குழி தோண்டிப் புதைத்திருப்பார்கள். ஒரு கார்க்குகூடக் கிடைக்கவில்லை. அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. 'இவ்வளவு வருஷமா என்னத்தைச் சம்பாதிச்சு வெச்சிருக்கேன்?' என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு நேரத்தில் எழுந்தார். இந்த முறை மேஜையைத் தட்டவில்லை.

"இதே இடத்துல நின்னு உங்களை எவ்வளவோ திட்டியிருக்கேன். இன்னைக்குப் பிச்சை கேக்கறேன். கார்க்கு கிடைக்கலேன்னா நாளைக்கு யூனிஸுக்கு வேலை போயிடும். கோயிலுக்குப் பின்னால மாமரத்தடியில ஒரு பிஸ்கட் டின் வெச்சிருக்கேன். மத்தியானம் சாப்பிட்டுத்தான் வந்து எடுப்பேன். யார் போட்டதுன்னு சத்தியமாக் கேக்க மாட்டேன்."

யூனிஸ் தலை நிமிரவில்லை.

மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால் டின் மூடவில்லை, வழிகிறது! காகிதத்தில் சுற்றியது, சோப்புப் போட்டுக் கழுவியது, மண்ணைத் தட்டாமல் அப்படியே போட்டது என்று வகை வகையாகக் கார்க்கு. கோபம் வர வேண்டிய மனிதர். வரவில்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனார்.

"யா அல்லா! இன்னா சார், நாலு வண்டிக்கு ஆவும் போலக் கீது!" என்று காஜா விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே வெட்டினான், ஊறவைத்தான், அடைத்தான், தேய்த்தான். கடைசியில் கேபிளையும் கொஞ்சம் தளர்த்திவிட்டான்.

திங்கட்கிழமை அந்த மேட்டில் வண்டி முனகாமல் ஏறியது. பள்ளி வாசலில் இறங்கியபோது பிள்ளைகளே பாதிதான் வந்திருந்தார்கள். யூனிஸ் புடவையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "அதுல ரெண்டு நம்ம வீட்டுக் கார்க்குங்க."

"நம்ம வீட்டுல ஏது?"

"கிறிஸ்துமஸ் கேக்குக்கு வருஷா வருஷம் திராட்சை ஒயின் போட்டு வெப்பேன். அரிசிப் பானைக்குப் பின்னால இருக்கும். ரெண்டே ரெண்டை வெச்சு என்ன ஆகும்னு சனிக்கிழமை சொல்லல."

"இத்தனை வருஷமா எங்கிட்ட ஏன் மறைச்சே?"

"பயம்தான்."

"எங்கிட்டயா?"

"பின்ன வேற யார்கிட்ட?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மணி அடித்தது, உள்ளே போய்விட்டாள்.

செயலாளர் பதவியை அவர் விடவில்லை. கூட்டமும் நடந்தது, பேச்சும் நடந்தது, நரகத்தை மட்டும் விட்டுவிட்டார். அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தையிலிருந்து கூடை நிறையக் கறுப்புத் திராட்சை வாங்கி வந்து யூனிஸ் முன்னால் வைத்து, "கேக்குக்கு" என்றார்.