மோட்டார் அல்ல, பம்பு

அவர் இறந்துபோன பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: அமைதியான மனுஷன். அது பிழை. பேசுவதற்கு நிறைய வைத்திருந்த மனிதர் அவர். நாக்குதான் ஒத்துழைக்கவில்லை.

குடிநீர் நீரேற்று நிலையத்தில் ஆபரேட்டர். கூடம் முழுக்க இயந்திரங்கள் ஓடும். சத்தத்தை வைத்தே எதற்கு உடம்பு சரியில்லை என்று கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்ததை வாயால் சொல்லமாட்டார், கையை நீட்டிக் காட்டுவார். பிறந்ததிலிருந்து திக்குவாய். அதிலும் ‘ப’வில் தொடங்கும் சொல் என்றால் உதடு பூட்டிக்கொள்ளும். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் சைலன்சர்.

திக்குகிறவர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. வராத சொல்லை விட்டுவிட்டு வருகிற சொல்லைப் போடுவார்கள். அவருக்குப் பக்கத்து வீடு எப்போதும் ‘அடுத்த வீடு’. பசித்தால் ‘சாப்பிடலாமா’ என்பார். பம்பு என்பதற்கு ‘மோட்டார்’. வீடுகளில் இதனால் ஒரு குழப்பமும் வராது. மோட்டாரைப் போடு என்றால் தொட்டியில் தண்ணீர் ஏறும். ஆனால் நீரேற்று நிலையத்தில் இரண்டும் வேறு. மோட்டார் சுழற்றும், பம்பு தண்ணீரைத் தள்ளும்.

ஒருநாள் மூன்றாம் பம்பின் பேரிங் தேய்ந்து முனக ஆரம்பித்தது. பழுதுபார்ப்புப் பிரிவுக்கு ஃபோன் செய்ய அன்று வேறு ஆள் இல்லை. “மூணாம் நம்பர் மோட்டார்ல சத்தம்” என்று சொல்லி வைத்துவிட்டார். அவர்கள் வந்து மோட்டாரைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. அது திரும்பி வரும்வரை மேட்டுத் தெருக்களில் குழாய் காற்றைத்தான் துப்பியது.

பொறியாளர் கூப்பிட்டார். “பம்புன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். ஏன் சொல்லல?”

காரணத்தைச் சொல்லவும் அந்தச் சொல்தான் வேண்டியிருந்தது.

பொறியாளர் குரலைத் தணித்தார். “ஷிப்ட் பொறுப்பாளர் ரிட்டயர் ஆகப்போறார். அந்த வேலை உனக்குத்தான் கைவரும். ஆனா அந்த நாற்காலியில உக்காந்தா பாதி நேரம் ஃபோன்தான். முடியுமா? இல்லன்னா வெளியிலேருந்து ஆள் போட்டுடுவாங்க.”

“டைம் குடுங்க சார்.”

பழுதுபார்த்த மோட்டாரை எடுத்த எடுப்பில் யாரும் முழுச் சுமையில் ஓட்டுவதில்லை. வெறுமனே ஓடவிட்டுச் சூடு பார்ப்பார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். தன் வாயையும் அவர் அப்படியே ஓட்டினார். முதலில் இயந்திரங்களுக்கு நடுவே நின்று உரக்கப் பேசினார். அந்த இரைச்சலில் தன் குரல் தன் காதுக்கே எட்டாது. திக்கல் பாதியாகக் குறைந்தது. அடுத்து, பாதி இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும் வேளையில். அதற்கடுத்து வீட்டுச் சமையலறையில், மனைவியின் முன்னால்.

“என்னங்க, நீங்க பம்பு பம்புன்னு சொல்றதுல எனக்கு வெங்காயம்னு சொல்ல வரமாட்டேங்குது.”

அடுத்த சுமை, முகம் தெரியாதவர்கள். சைக்கிள் கடைக்கு ஃபோன் செய்தார். “பம்பு இருக்கா?” அதைச் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் வைத்துவிட்டார். மறுநாளும் செய்தார். மூன்றாம் முறை கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இருக்குய்யா. இருக்கு, இருக்கு. வாங்க வருவியா, இல்ல தினம் நலம் விசாரிக்கத்தான் கூப்பிடுறியா?” என்றார். இவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பேசினால் இன்னும் சுலபமாக வருகிறது என்பது அன்றைய கண்டுபிடிப்பு. மாலையில் போய் ஒரு பம்பு வாங்கிவந்தார். வீட்டில் சைக்கிள் கிடையாது.

பிறகு, வேறு ஊரில் விடுதியில் தங்கிப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த மகள். வீட்டிலிருந்து பேசுவது எப்போதும் அம்மாதான். அப்பா பக்கத்தில் நின்று தலையாட்டுவார் என்று அம்மா சொல்லி அவளுக்குத் தெரியும். அன்று அப்பாவின் குரல்.

“நான்தாம்மா.”

“அப்பா? என்னாச்சு? அம்மாவுக்கு என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகல. அவ நல்லாத்தான் இருக்கா.”

“அப்புறம் எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“சும்மா.”

அந்தச் ‘சும்மா’ இன்னும் அவளிடம் இருக்கிறது. வேறு எதையும் இவ்வளவு பத்திரமாக அவள் வைத்ததில்லை.

ஷிப்ட் பொறுப்பாளர் விடுப்பில் இருந்த வாரம் சோதனை ஓட்டமாக அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு மதியம், ஊரின் மேடான பகுதிக்குத் தண்ணீர் ஏற்றும் மேட்டு நிலையத்திலிருந்து ஃபோன். பழுதுபார்ப்பு ஃபோர்மேன் பேசினார்.

“சைலன்சரண்ணே, இங்க ஒண்ணு கத்துது. எதைத் திறக்கறதுன்னு தெரியல. கேட்டுச் சொல்லுங்க.” ஃபோனை இயந்திரத்தருகே கொண்டுபோனார்.

கேட்ட கணமே தெரிந்துவிட்டது. பம்பின் பேரிங். வாயைத் திறந்தார். உதடு பூட்டிக்கொண்டது. அதே நேரத்தில் தந்திரமும் தயாராக வந்து நின்றது: மோட்டாரைத் தொடாதீங்க என்றால் போதும். பிழையும் இல்லை, வேலையும் நடக்கும். யாருக்கும் தெரியாது.

அவர் அதைச் சொல்லவில்லை.

“ஹலோ? லைன் போயிடுச்சா?”

“லைன் இருக்கு. நான்தான் மாட்டிக்கிட்டேன். இருங்க, வரும்.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அதில் கேலி இல்லை. “இருக்கேண்ணே. மெதுவாச் சொல்லுங்க, ஸ்பேனர் கையிலதான் இருக்கு.”

உதட்டை அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். பூட்டு மெல்லத் தளர்ந்தது.

“பம்பு. பம்பைத் திறங்க. பேரிங் போயிருக்கும்.”

“பம்பு. சரிண்ணே.”

பொறியாளர் எப்போது கதவருகே வந்தார் என்று தெரியவில்லை. எதிரில் வந்து உட்கார்ந்தார். மேட்டு நிலையம் நின்றால், கீழிருந்து அதற்குத் தண்ணீர் அனுப்பும் பள்ளத்து நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். பழக்கத்தில் பொறியாளரின் கை ஃபோனை நோக்கி நீண்டது.

சைலன்சர் ஃபோனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“பொறுங்க சார், நான் பேசுறேன்.”