இரண்டாம் வயலினுக்கான தாள்

விம்பிள்டனுக்குப் பக்கத்தில், மோர்டனில் இருந்த எங்கள் வீட்டின் மேல் அறையிலிருந்து வந்த இசையில் ஒரு சொல்கூட இருக்காது. வயலின்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, பெரிய மேளம் அதிர்ந்ததும் சட்டென்று அறுந்து, பிறகு அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். கீழே "குசினி"யில் அம்மா அகப்பையை நிறுத்திவிட்டு, "சொல்லில்லாத பாட்டை ஆர் இப்பிடித் திருப்பித் திருப்பிக் கேப்பினம்?" என்பார்.

அந்த அறையில் வாடகைக்கு இருந்தவர் மன்னாரைச் சேர்ந்த சேவியர் மாமா. ஐரோப்பியப் படங்களுக்கான இசையை, வாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாளில் கையால் பிரித்தெழுதுவதே தன் வேலை என்றும், அது ஒலிப்பதிவாகி வந்ததும் கேட்பதாகவும் அவர் சொன்னதை அப்பா ஒருநாளும் நம்பவில்லை. ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது; புதிதாக வந்த தமிழர் எவரைப் பற்றியும் "ஆருக்கு வேலை செய்யிறான், இயக்கத்துக்கோ, அரசாங்கத்துக்கோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "பிரெஞ்சுப் படத்துக்கு மியூசிக் எழுதிறவன் என்ரை வீட்டு அறையிலை ஏன் இருக்கிறான்?" என்று அப்பா கேட்டபோது, பத்து வயதான எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் குளிக்கப் போன நேரம், மேசையில் மை காய்ந்துகொண்டிருந்த தாள்களில் ஒன்றை உருவிக்கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தேன். கரும்புள்ளிகள், சிவப்புப் பென்சில் இலக்கங்கள். அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார். "இது என்ன ரகசிய எழுத்தோ, பொலிஸ் வந்தால் நான் என்ன சொல்லுறது?" என்று முணுமுணுத்தவர், காஸ் அடுப்பில் பிடித்து அதை எரித்துவிட்டார்.

சேவியர் மாமா ஈரத்தலையோடு இறங்கி வந்தார். "பிள்ளை, ஒரு தாள் கண்டனியோ? ரெண்டாம் வயலின்காரருக்கு எழுதினது. நாலு மணிக்குக் குடுக்கோணும். பாத்து எழுத மூலமும் இல்லை, காலமையே கொண்டுபோட்டினம்."

"இல்லை மாமா."

அவர் குசினியில் நின்ற கரிந்த மணத்தை முகர்ந்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கேட்கவில்லை. படியில் உட்கார்ந்து, வெறுந்தாளொன்றை முழங்கால்மேல் வைத்து, கண்ணை மூடி மூடித் திறந்து, மெட்டை வாய்க்குள் இசைத்தபடியே, ஒரு புள்ளியைக்கூட அழிக்காமல் முழுவதையும் எழுதி முடித்தார். அவர் சொன்னதெல்லாம் உண்மை என்று அப்போதே விளங்கிவிட்டது.

அப்பா என் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். "பார்த்தியே, அவ்வளவையும் பாடமாக்கி வைச்சிருக்கிறான். இவன் சும்மா ஆளில்லை, எங்கையோ பயிற்சி எடுத்தவன்."

அடுத்த கிழமை, "தம்பி, மனிசியின்ரை ஆக்கள் வருகினம், அறை தேவைப்படுது" என்றார் அப்பா. ஒருவரும் வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். "ஓம் அண்ணை, விளங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு பைகளோடு அவர் போய்விட்டார். அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தியது நான்தான்.

இன்று அந்த வீடு வேறு யாருடையதோ. அப்பாவும் இல்லை. வாத்தியக்காரரின் தாள்கள் கணினியில் அச்சாகின்றன. விம்பிள்டன் தியேட்டரில் ஐரோப்பியப் படம் எது வந்தாலும், எல்லோரும் எழுந்து போன பின்பும், பெயர்கள் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். தாள் எழுதியவர்களின் பெயர் வருவது அபூர்வம். வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. ஏழு மாதம் எங்கள் கூரையின் கீழ் இருந்தவரிடம், அவருடைய முழுப்பெயரை நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.