கடைசி ஒன்பது ஆட்டங்கள்

என் அப்பா ஓரெஸ்ட் பிரிஸ்டூபா பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். குளிர்காலச் சாயங்காலங்களில் ஒரு பெரிய ஐஸ் ஹாக்கி அணிக்காக கனடாவின் சஸ்காட்சுவான் மாகாண ஊர்களில் இளம் ஆட்டக்காரர்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிறார். ஜூன் மாத டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர் தேர்வில், எல்லா அணிகளும் சேர்ந்து இருநூற்றுச் சொச்சம் பேரை எடுக்கும். அப்பா சொல்லும் பெயர்கள் அந்த வரிசையின் வாலில்தான் வரும், வந்தால். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் பிடிவாதமாக எடுக்கவைத்த பையன் ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. அதிலிருந்து அறிக்கையில் ஒரு வரி எழுதுவார், அடிப்பார், மறுபடி அதையே எழுதுவார்.

இந்த மார்ச்சில் அவர் தூக்கத்தைக் கெடுத்தவன் கெல்டன் தீசன், பதினேழு வயதுத் தடுப்பாட்டக்காரன். திங்கட்கிழமை அணித் தலைமைக்குப் பட்டியல் போக வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், புள்ளியியல். அப்பா கேட்டாரென்று கணக்குப் போட்டேன். முதலில் ஆட்டத்துக்கு மூன்று ஷாட் அடித்தவன், கடைசி ஒன்பது ஆட்டங்களில் மொத்தமே ஐந்து. விட்டுவிடுங்கள் என்றேன்.

“உன் எண்ணு ஸ்கேட்ஸ் கட்டிக்கிட்டு ஓடுமாடி? இவன் ஓடுறான்,” என்றார். ஆனாலும் அவன் பெயரை எழுதவில்லை.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு நானும் போனேன். இரண்டாவது இடைவேளையில் மார்லீன் எங்களைப் பிடித்துக்கொண்டாள். கெல்டனின் பண்ணைவீடு வெகுதூரம். பருவம் முடியும்வரை அவன் தங்கிச் சாப்பிடுவது அவள் வீட்டில். இந்த வீட்டம்மாக்களிடம் பேசாமல் அப்பா எந்தப் பையனைப் பற்றியும் எழுதுவதில்லை. அவர்களும் தம் பிள்ளையாகவே நினைத்துப் புகழ்வார்கள்.

“தட்டைக் கழுவி வெச்சுட்டுத்தான் எழுந்திருப்பான் ஓரெஸ்ட். வாசல்ல பனி அள்ளுறதும் அவன்தான். இப்ப ஒரு மாசமா வலது கையால மட்டுமே அள்ளுறான், பாத்துக்கோ. கேட்டா பயிற்சியாம். மத்த பசங்க போர்வைக்குள்ள கெடக்குதுங்க.”

அப்பா சூரியகாந்தி விதை மெல்வதை நிறுத்தினார். நான் மனசுக்குள் எண்ணினேன். ஒரு மாசம் என்றால் ஒன்பது ஆட்டம்.

ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்கு வெளியே கெல்டன் ஈரத் தலையோடு வந்து நின்றான். உடம்பு எப்படி என்று அப்பா கேட்டார்.

“நூத்துக்கு நூறு சார்.”

கை? அதுவும் நன்றாக இருக்கிறதாம். அப்பா இன்னொரு முறை கேட்டார், அதே பதில். நோட்டை மூடினார். எழுதியிருப்பதை ஆட்டக்காரனிடம் சொல்லக் கூடாது என்பது இந்த வேலையின் சட்டம். அவரைக் கட்டுப்படுத்துவது என்னைக் கட்டுப்படுத்துமா என்று யோசிப்பதற்குள் பேசிவிட்டேன்.

“கெல்டன், கை நல்லாத்தான் இருக்குன்னா, கடைசி ஒன்பது ஆட்டம்தான் உன் லட்சணம்னு ஆயிடும்.”

அப்பா என்னை முறைத்தார். அவன் தரையைப் பார்த்தான்.

“சொன்னா எடுப்பாங்களா?”

“தெரியாது தம்பி,” என்றார் அப்பா. “பொய்யோட உன் பேரை நான் அனுப்ப மாட்டேன். அது தெரியும்.”

அவன் இடது சட்டைக் கையை மெதுவாக ஏற்றினான். மணிக்கட்டு முழங்கை அளவுக்கு வீங்கியிருந்தது. பயிற்சியாளரிடம் சொல்லிவிடாதீர்கள், அடுத்த வாரம் பிளேஆஃப் என்றான். அப்பா அவன் தோளில் கைவைத்து மருத்துவ உதவியாளரின் அறைக்கு அழைத்துப்போனார். எலும்பில் விரிசலாம்.

ஞாயிறன்று அப்பா எதையும் அடிக்காமல் எழுதினார்: விரிசல் விட்ட கையோடு ஒன்பது ஆட்டம், முதலில் மறைத்தான், பிறகு அவனே காட்டினான். பட்டியலின் கடைசியில் பெயரைச் சேர்த்து அனுப்பினார். தலைமையிடமிருந்து ஒற்றை வார்த்தை வந்தது: பார்க்கலாம். அதையே போனில் திறந்து திறந்து பார்த்தார்.

பிளேஆஃபின் முதல் ஆட்டத்தில் கெல்டன், ஆடாதவர்களின் வழக்கப்படி, கோட் சூட்டில் மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தான், கையில் கட்டோடு. அவனுக்காகப் பேசினேனா, என் கணக்குக்குக் காரணம் கிடைத்த வேகத்தில் பேசினேனா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. அவன் அணி தோற்றுக்கொண்டிருந்தது. ஒருமுறை எங்கள் பக்கம் திரும்பினான். நான் தலையசைத்தேன். அவன் பார்வை களத்துக்குப் போய்விட்டது.