அக்கா இல்லாத இணைச்சீர்

என் கல்யாணத்துக்கு முந்தைய மூன்று மாதம் அக்காவை மாடியறையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டோம். ‘போட்டோம்’ என்று எழுதினால் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கிறது. போட்டது பெரும்பாலும் நான்தான்.

பிறந்த குழந்தை இறந்த பிறகு அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. அவள் புருஷன் அவளைக் கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டில் விட்டுப் போனார். மாத்திரையை விடக்கூடாது, தனியாகவும் விடக்கூடாது, நாலு பேரோடு பேசவிடுங்கள் என்றார் கோயமுத்தூர் டாக்டர். மாத்திரை விஷயத்தை மட்டும் காதில் வாங்கினோம். அப்போதுதான் எனக்கு ஈரோட்டுச் சம்பந்தம் கூடிவந்திருந்தது.

“பொண்ணூட்டுக்காரங்க காதுக்குப் போச்சுன்னா எல்லாம் நின்னுபோயிருங் கண்ணு. கண்ணாலம் முடியற வரைக்குந்தானே” என்றாள் அம்மா. நானும் பெரிய மனுஷனாட்டம் தலையாட்டினேன். அக்கா புருஷன் வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னோம்.

கீழே தறிக்கூடம். பவர்லூம் ஓடினால் மாடியில் கத்துவது யாருக்கும் கேட்காது. முதல் மாதம் அக்கா கதவுக்குப் பின்னால் நின்று சண்டை போட்டாள். “ஏங்கண்ணு, நான் என்ன தப்புச் செஞ்சுபோட்டேன்?” அடுத்த மாதம் தறிச் சத்தத்தோடு சேர்ந்து கதவைத் தட்டினாள், தறி நின்றால் அவளும் நிறுத்தினாள். அப்புறம் அதுவும் இல்லை. சோறு கொண்டுபோனால் சுவரோடு பேசிக்கொண்டிருப்பாள். அடங்கிவிட்டாள் என்று அம்மா நிம்மதிப்பட்டாள். நானும்தான். வெட்கங்கெட்ட நிம்மதி.

ஒன்றை மட்டும் அக்கா மறக்கவில்லை. “இணைச்சீருக்கு என்னையக் கூப்புடுவீல்ல?” எங்களில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்வது கூடப்பிறந்தவள். கூறைப்புடவையின் ஒரு நுனியைத் தான் பிடித்துக்கொண்டு, மறு நுனியைத் தம்பி கையில் கொடுத்து நிற்பாள். “கூப்புடறேங்கக்கா” என்றேன். பெரியப்பா மகளை ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம்.

ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லோரையும் மண்டபத்திலேயே தங்கவைத்திருந்தோம். கல்யாணத்தன்று காலையில் கிளம்புமுன் தாழ்ப்பாளைப் பார்க்க மாடிக்குப் போனேன். கதவுக்கடியில் அக்காவின் சேலை நுனி ஒரு சாண் வெளியே வந்து கிடந்தது. கீழே கார் நின்றது. யாராவது ஏறிவந்து பார்த்தால் என்ன செய்வது? நுனியைக் காலால் உள்ளே தள்ளினேன். திரும்ப வந்தது. திரும்பத் தள்ளினேன். மூன்றாம் முறை வரவில்லை.

மண்டபத்தில் பெரியப்பா மகள் கூறைப்புடவை நுனியை என் கையில் வைத்தபோதுதான் காலையில் கதவுக்கடியில் வந்தது என்னவென்று விளங்கியது. எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. போட்டோவுக்குச் சிரித்தேன்.

கல்யாணம் முடிந்த வாரமே மனைவிக்கு எல்லாம் தெரிந்துபோனது. “இதையா மறச்சீங்க? எங்க சித்திக்கும் இப்படித்தான் ஆச்சுங்க. கூடவே இருந்து பாத்துக்கிட்டோம், தேறிட்டாங்க” என்றாள். தலை நிமிரவில்லை எனக்கு. காலால் தள்ளியதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

தாழ்ப்பாளைக் கழற்றி வருஷங்களாகின்றன. கதவு திறந்தே கிடக்கிறது, அக்கா வெளியே வருவதில்லை. “வாங்கக்கா” என்று நான் கையை நீட்டினால், சேலை நுனியைச் சுருட்டித் தன் மடிக்குள் வைத்துக்கொள்கிறாள்.