ஷ்மித் என்றால் என்ன கருத்து

என் மகள் கலியாணம் செய்யப்போகிற டேனிஷ் பெடியனின் குடும்பப் பேர் ஷ்மித். அது ஜெர்மன் பேர், கருத்து கொல்லன். அந்தக் காலத்தில் இரும்படிக்கிறவர் இல்லாத ஊர் இல்லை. அதனால் ஊருக்கு ஊர் அந்தப் பேர் பெருகி, எல்லை தாண்டி டென்மார்க்கில் எங்கள் கோல்டிங் நகரம் வரைக்கும் வந்துவிட்டது. என் தொழிற்சாலையிலேயே மூன்று ஷ்மித்துகள் இருக்கிறார்கள்.

எஸ்பியர்க்கில் இருக்கும் என் அக்கா, "அந்தப் பேருக்கு என்ன கருத்து?" என்று போனில் கேட்டபோது, "சும்மா ஒரு பேர்தான் அக்கா" என்று சொல்லிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் ஒருவரின் பரம்பரைத் தொழிலை எதற்காக விசாரிப்பார்கள் என்று எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும்.

நிச்சயதார்த்தச் சாப்பாட்டில் பெடியனின் தகப்பன் எழும்பி நின்றார். தங்கள் பரம்பரையில் யாரோ இரும்படித்திருக்கிறார்கள் என்றும், தனக்கோ ஒரு ஆணியைக்கூட நேராக அடிக்கத் தெரியாது என்றும் பெருமையாகச் சொன்னார். டேனிஷ் அவ்வளவாக விளங்காத அக்கா என் முகத்தைப் பார்த்தா.

"பழைய குடும்பமாம்" என்று மொழிபெயர்த்தேன். தொழிற்சங்கக் கூட்டங்களில் சமத்துவம் பேசுகிற அதே வாயால்தான் சொன்னேன்.

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். நான் தமிழில் என்ன கேட்டாலும் டேனிஷில் மறுமொழி சொல்கிறவள், அன்று எல்லாருக்கும் கேட்கத் தமிழில் சொன்னாள்:

"கொல்லர் எண்டு சொல்லுங்கோ அப்பா. இனி அது என்ர பேரும்தான்."